கேஸ் எங்கே போனது? – ஏசி மெக்கானிக் பதில்கள்

சித்திரை பிறக்கும் முன்பே கடிதங்கள் குவிந்துவிட்டன. மெக்கானிக்கைத் திட்டி, கரண்ட் பில்லைத் திட்டி, போன மாதம் பதில் போடாததற்கு என்னைத் திட்டி. முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பேனர் பிடித்த கை இது. பேனா கொஞ்சம் கோணலாகத்தான் ஓடும். பாதிப் பேர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மேடவாக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஒவ்வொரு மார்ச் மாதமும் சர்வீஸுக்கு வருகிறவர் "கேஸ் கம்மியா இருக்கு மேடம்" என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கிப் போகிறார். நாலு வருஷமாக இதே கதை. வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஏசிக்கும் கேஸ் தீர்ந்துபோகுமா?

தீராது மேடம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஏசி குளிரைத் தயாரிக்கவில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் போல. கேஸ்தான் வாளி. கயிற்றை இழுக்கிற ஆள் கம்ப்ரசர். இறைக்க இறைக்கத் தண்ணீர் குறையுமே தவிர வாளி தேயாது.

வாளி எப்படிச் சூட்டை மொள்ளும் என்று கேட்பீர்கள். சமையலறையிலேயே விடை இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போனால்தான் கொதிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஆக, அழுத்தத்தை மாற்றினால் கொதிக்கிற சூடும் மாறும். ஏசிக்குள் இருக்கிற திரவம் (கேஸ் என்று நாம் சொல்வது இதைத்தான்) இந்த விஷயத்தில் இன்னும் துடுக்கு. இப்போது பெரும்பாலான வீட்டு ஏசிகளில் வருகிற ஆர்-32, திறந்து விட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும்.

இந்தத் திரவம் ஒரு குறுகலான வழியில் நுழைந்து உங்கள் இன்டோருக்குள், அதாவது அறைக்குள் மாட்டிய பெட்டிக்குள், வரும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. பத்து டிகிரி வாக்கில் கொதிக்க ஆரம்பிக்கிறது. கொதிக்கச் சூடு வேண்டும் அல்லவா, அதை உங்கள் அறைக் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. காற்று குளிர்கிறது. ஆவியானதைக் கம்ப்ரசர் உறிஞ்சி, நசுக்கி, எழுபது எண்பது டிகிரிச் சூட்டில் வெளியே இருக்கிற பெட்டிக்கு, அவுட்டோருக்கு, அனுப்புகிறது. வெளியே வெயில் 38 டிகிரி கொளுத்தினாலும் எண்பதுக்கு முன்னால் அது குளிர்ந்த காற்றுதான். சூட்டை அங்கே இறக்கிவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே வருகிறது. மூடிய வட்டம். கேஸ் வெளியேற வழியே இல்லை.

அப்படியானால் உங்கள் வீட்டில் ஏன் குறைகிறது? ஒன்று, எங்கோ கசிகிறது. இல்லையென்றால் குறையவே இல்லை. இரண்டில் எதுவானாலும் வருஷா வருஷம் நிரப்புவது வைத்தியம் இல்லை. டியூப் பஞ்சர் ஆன சைக்கிளுக்குத் தினம் காற்றடிக்கிற கதை அது.

கசிவை நீங்களே ஓரளவு பார்க்கலாம். அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு செப்புக் குழாய்கள் பித்தளை நட் போட்டு மாட்டியிருக்கும். ஃபிளேர் நட் என்போம். அதன் கழுத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் தூசி அப்பிக் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் எட்டிப் பார்க்கும். நான் ஹெல்பராக இருந்த காலத்தில் ஒரு வீட்டில் அவசரத்தில் குழாய் விளிம்பின் பிசிறை எடுக்காமல் ஃபிளேர் அடித்துவிட்டேன், அதாவது நட்டுக்குள் உட்காரும்படி குழாய் வாயை விரித்துவிட்டேன். மூன்றே மாதத்தில் அந்த ஏசி வெறும் ஃபேனாகிவிட்டது. எங்கள் மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "நீ வச்ச ஓட்டையை நீயே கண்டுபிடி" என்று எதிரே பீடியோடு உட்கார்ந்துவிட்டார். நட்டின் அடியில் கடுகளவு குமிழி, ஒன்று உடைய இன்னொன்று, நிதானமாக வந்துகொண்டிருந்தது. முடிமயிர் அளவுகூட இல்லாத கீறல். (அப்போது இருந்தது ஆர்-22, தீப்பிடிக்காது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. இப்போது பீடியோடு பக்கத்தில் உட்கார்ந்தால் நானே எழுந்து போகச் சொல்வேன்.)

அடுத்த மார்ச்சில் உங்கள் சர்வீஸ்காரர் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வெளியே தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்த பிறகு வாக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். தராசு இல்லாமல் குழாயைத் தொட்டுப் பார்த்தே "போதும்" என்கிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு தாத்தா: ஒன்றரை டன் ஏசி என்கிறார்களே, தூக்கிப் பார்த்தால் அவ்வளவு எடை இல்லையே என்று பேரன் கேட்கிறான். நானும் விழிக்கிறேன்.

பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடங்கள் ஐயா, விடை உங்கள் பேட்டையிலேயே நிற்கிறது. விவேகானந்தர் இல்லம் ஒரு காலத்தில் ஐஸ் கிடங்கு. 1897-இல் சுவாமி அங்கே தங்கியதற்குப் பல ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து அங்கே அடுக்கினார்கள். ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரியின் வேலை. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

'டன்' அந்த ஐஸ் காலத்துக் கணக்கு. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன் ஏசியின் திறன். உங்கள் ஒன்றரை டன் பெட்டி முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் சுமார் 1,360 கிலோ ஐஸ் உருகியதற்குச் சமம். கரண்ட் கணக்கில் சொன்னால், மணிக்கு ஒன்றரை யூனிட் வாக்கில் செலவழித்து ஐந்து யூனிட்டுக்கு மேல் சூட்டை வெளியே தள்ளுகிறது. தயாரிக்கவில்லை, தள்ளுகிறது. அதனால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது.

கடையில் சதுர அடியை மட்டும் கேட்டு டன் சொல்வார்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நடு மாடியில் 120 சதுர அடிக்கு ஒரு டன் தாராளம். அதே அறை வெயில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருந்தால் ஒன்றரை கேட்கும். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அந்தத் தளம் ராத்திரி பத்து மணி வரை உங்கள் தலையில் இறக்கிக்கொண்டே இருக்கும். பெரிய ஏசிக்குப் பணம் கொடுக்கும் முன் மாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துப் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா: மகன் வந்ததும் 16-இல் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்கிறான். அப்புறம் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறான்.

16 என்பது வேகம் இல்லை, சேர வேண்டிய ஊர். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் முதல் கால் மணி நேரம் பெட்டி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உழைக்கும். 24 வைத்தால் ஊர் வந்ததும் நிதானிக்கும். 16 வைத்தால் சென்னை மே மாதத்தில் அந்த ஊர் வரவே வராது, விடிய விடிய ஓடும். அரசாங்கமே 2020 ஜனவரி முதல் புது ஏசிகளை 24-இல் ஆரம்பிக்கும்படி செய்யச் சொல்லிவிட்டது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பதும் அவர்கள் கணக்குதான். 26-இல் வைத்து மேலே ஃபேனை ஒன்றில் விடுங்கள். கம்பளியை மடித்து வைக்கலாம்.

வேலூரிலிருந்து திருவான்மியூருக்குக் குடிவந்தவர்: சொந்த ஊரில் ஏர்கூலர் ஊட்டி மாதிரி இருக்கும். அதே கூலர் இங்கே வந்ததும் பிசுபிசுவென்று ஈரத்தைத்தான் அடிக்கிறது. கூலர் கெட்டுவிட்டதா?

கூலர் நல்ல பிள்ளை. ஊர்தான் மாறிவிட்டது.

கூலருக்குள் கேஸும் இல்லை, கம்ப்ரசரும் இல்லை. மண்பானையில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது: தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைக் குடிக்கிறது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்களே, அதற்கு மோட்டார் வைத்தால் கூலர். தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் காற்றில் இடம் இருக்க வேண்டும். வேலூரில் ஏப்ரல் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் காற்று தாகத்தோடு அலைகிறது. கூலர் அதை 26 வரைகூட இறக்கிவிடும். திருவான்மியூரில் கடல்காற்று ஏறிய சாயங்காலம் 33 டிகிரி, ஈரப்பதம் 75. ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த காற்று அது. எந்தக் கூலராலும் 29-க்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதற்குள் அறையில் ஈரம் ஏறி, வியர்வை உலராமல், 33 டிகிரியே தேவலை என்று ஆகிவிடும்.

இன்னொன்று. ஏசி பழக்கத்தில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கூலர் போடுகிறீர்களோ என்று சந்தேகம். கூலருக்கு எதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈரக்காற்று வெளியே போனால்தான் அடுத்த காற்று வேலை செய்யும். அதற்கும் மசியாவிட்டால் வேலூர்த் தம்பி யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நவீன ஏசி பிறந்ததே ஈரத்தோடு நடந்த சண்டையில்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் தவித்தார்கள். வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் குளிர்ந்த குழாய்களுக்கு மேல் காற்றை ஓட்டினார். ஆட்கள் சுகமாக இருந்தது உபரி லாபம்.

மணலியிலிருந்து ஒருவர்: இன்டோரிலிருந்து கட்டில் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அந்த ஈரம்தான் சார். காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர் தட்டில் விழுந்து டிரெய்ன் குழாய் வழியே போக வேண்டும். குழாயில் வழவழவென்று பாசி அடைத்தால் கட்டிலுக்கு வரும். ஊதிவிட்டால் சரியாகிவிடும். ஊதியும் சொட்டினால் முன்மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற குழாய்ச் சுருளை, 'காயில்' என்போம், பாருங்கள். பனி கட்டியிருந்தால் ஏசியை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருக்குங்கள். ஃபில்டர் அழுக்கு முதல் சந்தேகம், கேஸ் கசிவு இரண்டாவது. முதலாவதைக் குழாயடியில் நீங்களே கழுவலாம், காசில்லை.

குன்னூரிலிருந்து ஒரு வாசகி: எங்களுக்கு உங்கள் குளிர் வேண்டாம். டிசம்பர் ராத்திரியில் மாமியாருக்கு மூட்டுவலி, கரிச்சட்டி மூட்டிப் படுக்கையறையில் வைக்கிறோம். ஏசியே சூடும் தரும் என்கிறார்களே, உண்மையா?

முதலில் அந்தச் சட்டியை வெளியே எடுங்கள் அம்மா. பதிலை அப்புறம் படிக்கலாம்.

மூடிய அறையில் கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. புகையே இல்லாமல் சிவந்து கனலும் கரியை நம்பி உள்ளே வைக்கிறோம், வாயு வருவதே அதிலிருந்துதான். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அப்படியே தூக்கம். மலையில் சுற்றுலா வந்தவர்கள் இப்படிக் கண் விழிக்காமலே போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேல் புகைபோக்கி வைத்துக் கட்டியது அழகுக்கு இல்லை.

இனி ஏசி. உண்மைதான், ஆனால் எல்லா ஏசியும் இல்லை. 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குள் நாலு வழி வால்வு ஒன்று இருக்கும். அது திரும்பினால் கேஸ் ஓடும் திசை மாறும்: வெளியே சூட்டை மொண்டு உள்ளே கொட்டும். ஐந்து டிகிரிக் குளிரில் என்ன சூடு இருக்கும் என்று என் மனைவிகூடக் கேட்டாள். மைனஸ் 52-இல் கொதிக்கிற கேஸுக்கு ஐந்து டிகிரிக் காற்று அடுப்பு மாதிரி. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரில் 2,000 வாட் என்றால் மணிக்கு இரண்டு யூனிட் செலவழித்து இரண்டு யூனிட் சூடுதான் கிடைக்கும். இதில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வாக்கில் சூடு வரும்.

நடு ராத்திரியில் திடீரென்று சூட்டுக்காற்று நின்று, வெளிப்பெட்டியிலிருந்து ஆவி கிளம்பும். பயப்பட வேண்டாம், வெளிக் காயிலில் பிடித்த பனியை அதுவே உருக்கிக்கொள்கிறது. சில நிமிஷத்தில் திரும்ப வரும். சூடான காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் காற்றுத் தடுப்பைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். ஆனால் ஒன்று: தகரக் கூரைக்கு அடியில் பலகை அடிக்காமல், கதவடியில் விரல் நுழையும் இடைவெளியோடு என்ன மெஷின் வைத்தாலும் நீலகிரியைச் சூடாக்குகிற வேலைதான். பழைய போர்வையைச் சுருட்டிக் கதவடியில் வைப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மாமியாருக்கு இன்றைக்கே ஒரு வெந்நீர்ப் பை.

கனடா ஸ்காபரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா: மகளின்ரை வீட்டில் நிற்கிறன். இரவில் கீழ் அறையில் ஏதோ ஊதுகிற சத்தம், பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு பெருங்காற்று. மூக்கும் தொண்டையும் காய்ந்துபோகுது. அது என்ன, பயமில்லையோ?

அது ஃபர்னஸ் அம்மா, பயமில்லை. தங்கச்சி மகன் பிராம்ப்டனில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனபோது ஊரைப் பார்க்காமல் அரை மணி நேரம் அதற்கு முன்னால் நின்றிருக்கிறேன். மேலே தெர்மோஸ்டாட் "குளிருது" என்று சொன்னதும் முதலில் ஒரு சின்ன விசிறி ஊதும். உள்ளே தங்கிய பழைய வாயுவைக் குழாய் வழியே வெளியேற்றுகிறது. காற்று சரியாக இழுக்கிறது என்று ஒரு ஸ்விட்ச் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த படி. பற்றவைக்கிற கம்பி செம்மஞ்சளாகப் பழுக்கும், 'டிக்' என்று எரிவாயு வால்வு திறக்கும், நீலச் சுடர் வரிசையாகப் பிடிக்கும். சுடர் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒரு சின்னக் கம்பி காவல் காக்கும். இல்லையென்றால் வாயுவை உடனே நிறுத்திவிடும். இரும்புப் பெட்டி சூடாக ஒரு நிமிஷம் வரை விட்டு, அப்புறம்தான் பெரிய விசிறி கிளம்பி வீட்டுக் காற்றை அதன் மேல் ஓட்டும். சுடரின் புகையும் நீங்கள் சுவாசிக்கும் காற்றும் இரும்புச் சுவருக்கு இருபுறமும், ஒன்றையொன்று தொடாது. அந்தச் சுவரில் விரிசல் விட்டால்தான் ஆபத்து. அதற்குத்தான் வீட்டில் மோனாக்சைடு அலாரம். மகளிடம் கேட்டு அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள்.

மூக்குக் காய்வதற்கு ஃபர்னஸைக் குறை சொல்ல முடியாது. மைனஸ் பத்து டிகிரிக் காற்றில் ஈரமே சொற்பம். அதை உள்ளே எடுத்து 21-க்குச் சூடாக்கினால் பாலைவனக் காற்றாகிவிடும். திருவான்மியூர்க்காரருக்கு நேர் எதிர்க் கஷ்டம் உங்களுக்கு! ஃபர்னஸோடு ஈரமூட்டி மாட்டியிருந்தால் அதன் பட்டையை மாற்றச் சொல்லுங்கள். ரொம்பக் கூட்டினால் ஜன்னல் கண்ணாடி வியர்த்து ஒழுகும், அப்போது குறைக்கலாம். பெரும்பனி கொட்டிய காலையில் மருமகன் வெளிச்சுவரில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வாயை மூடிய பனியையும் தள்ளிவிட வேண்டும். அது அடைத்தால் ஃபர்னஸ் பற்றவே பற்றாது.

அண்ணாநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அவுட்டோருக்கும் சுவருக்கும் நடுவில் புறா இரண்டு முட்டை வைத்திருக்கிறது. ஏசி போடலாமா? அப்பா கலைத்துவிடலாம் என்கிறார்.

கலைக்க வேண்டாம் பாப்பா, போடவும் வேண்டாம். அவுட்டோர் காற்றை இழுப்பது அந்த முதுகுப் பக்கத்திலிருந்துதான். குச்சியும் இறகும் அடைத்தால் சூடு இறங்க வழியின்றிக் கம்ப்ரசர் திணறும், எச்சம் பட்டால் அலுமினியத் தகடு அரித்துப்போகும். அப்பா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புறா முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவரை ஹாலில் படுங்கள். குஞ்சு போன அன்றே இடத்தைக் கழுவி வலை கட்டச் சொல்லுங்கள்; வலைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ரெண்டு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த ஜோடி முட்டை வந்துவிடும். என் கடை அவுட்டோரில் இப்போது மூன்றாவது பிரசவம் நடக்கிறது.